கயிறு தராமல் ஏற்றிய மரம்

என் அண்ணன் மரத்திலிருந்து விழுந்ததைப் பற்றி இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று போலீஸ் எழுதியது. ரோட்டை மறிப்பதற்காகப் பட்ட மரத்தை வெட்டிச் சாய்க்க ஏறினார், விழுந்தார் என்று அதில் இருந்தது. மற்றது எங்கள் தமிழ்க்காரர்கள் அச்சடித்த நோட்டீஸ். போலீஸ் தடியால் அடித்து மரத்திலிருந்து தள்ளியது என்று அதில் இருந்தது. இரண்டும் பொய். நான் அங்கே நின்றேன். அண்ணன் விழுந்ததற்கு ஒரே காரணம், அவரிடம் கயிறு இல்லை. இதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தமிழ் பேசுகிற ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற எல்லைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து வெள்ளறடைப் பக்கம் போகும் வழியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரரும் அண்ணனும் மரம் வெட்டுகிறவர்கள். விழ இடம் இருக்கிற மரத்தை யாரும் வெட்டிவிடலாம். அடியில் கோடாலி போட்டால் போதும். இவர்களைத் தேடி வந்தது வேறு மாதிரி மரங்களுக்காக. ஓட்டுக் கூரைக்கு மேலே, கிணற்றுக்கு மேலே சாய்ந்து நிற்கிற மரங்கள். அதிலும் பட்டுப்போனவை. அவற்றை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டித் தரையில் வைக்க வேண்டும்.

அந்தக் கயிறுகளைப் பிரித்தது நான். நாரை முறுக்கிக் கயிறாக்குவதைப் பிரிப்பது என்போம். நானும் அண்ணனும் கோட்டுகால் பக்கத்தில் பிறந்தவர்கள். தேங்காய்த் தொண்டு அடித்துச் சகிரி நார் எடுத்துக் கயிறு பிரிக்கிற வீடு. அப்பா கப்பலில் கலாசியாக இருந்ததால் பாய்மரத்தில் ஏறுகிறவர்கள் போடும் முடிச்சுகளும் எங்களுக்குத் தெரியும். மரவேலைக்கு இரண்டு வடம் வேண்டும். ஆள் தொங்குவதற்கு ஒன்று. அதை ஆள்வடம் என்போம். வெட்டிய கொம்பை இறக்குவதற்கு ஒன்று, அது பாரவடம். ஒன்று செய்ய வேண்டிய வேலைக்கு மற்றதை எடுக்கக் கூடாது. இரண்டையும் மாதம் ஒருமுறை நான் பிரி பிரியாகத் திறந்து, உள்ளே பொடிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வெளியே நன்றாக இருக்கும் கயிறு உள்ளே செத்துப்போயிருக்கும்.

எங்கள் ரோட்டு வளைவில் மிஷன் பள்ளிக்கூடத்தின் வேலியை ஒட்டி ஒரு பெரிய அயினி மரம் நின்றது. பலாவுக்குச் சொந்தக்கார மரம், பலாவைவிட உயரம். இடி விழுந்து தலை போய், பட்டுப்போயிற்று. அதன் ஒரு கொம்பு ரோட்டுக்கு மேலே, மற்றொரு கொம்பு பள்ளிக்கூட ஓட்டுக்கு மேலே. மரம் ரோட்டுப் புறம்போக்கில் நின்றதால் சர்க்கார் அனுமதியில்லாமல் தொட முடியாது. மூன்று மழைக்காலம் பள்ளிக்கூடத்தை நடத்திய சபையார் மனு கொடுத்தார்கள். தமிழில் எழுதியதால் முதல் மனு திரும்பி வந்தது. மலையாளத்தில் எழுதிய இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதைக் கொண்டுபோனவரிடம், தமிழ் வேண்டும் என்கிறவர்கள் மரம் வெட்டவும் அங்கேயே போய்க் கேளுங்கள் என்றார்களாம். பிள்ளைகள் அந்தக் கொம்புக்கு அடியில்தான் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள்.

அப்போது வேறொரு இடத்தில் போலீஸ் வண்டி போகாதபடி யாரோ மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். மறுநாளே மரம் வெட்டுகிறவர்களின் வீடுகளில் போலீஸ் ஏறியது. எங்கள் வீட்டில் பெரிய ரம்பத்தையும் இரண்டு வடத்தையும் எடுத்துப் போனார்கள். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. கயிறு வைத்திருந்தோம், அதுவே குற்றம். நாற்பது நாள் கை தேயப் பிரித்த வடங்களை ஒரு போலீஸ்காரர் தோளில் போட்டுக்கொண்டு வாழைக்குலை கொண்டுபோவது போலப் போனார்.

ஒரு வாரம் கழித்து, என் வீட்டுக்காரர் வெள்ளறடையில் வேலைக்குப் போயிருந்த நாளில், காலையில் அண்ணன் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறார் என்றார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் அயினி மரத்தடியில் நின்றார். அன்று மத்தியானம் மேலதிகாரி ஒருவர் அந்த வழியாக வருகிறாராம். போராட்டக்காரர்கள் அந்தக் கொம்பை ரோட்டில் தள்ளிவிடலாம் என்று இன்ஸ்பெக்டருக்குப் பயம். மூன்று வருடம் பிள்ளைகளின் தலைக்கு மேலே நின்ற மரத்தை ஒரு மணி நேரத்தில் வெட்ட வேண்டும்.

அண்ணன் மரத்தை வெட்டுகத்தியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பானையைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது.

"சாறே, இது பட்ட மரமாக்கும். உள்ள பொள்ளையா கெடக்கு. எனக்க வடம் ரெண்டும் ஸ்டேஷன்ல உண்டு. ஆளனுப்பி எடுத்துத் தாருங்க. கயறு வேணும் சாறே."

இன்ஸ்பெக்டர் தடியால் மரத்தைக் காட்டி, "கயறெடா" என்றார்.

எங்கள் பேச்சில் கயிற்றைக் கயறு என்போம். மலையாளத்தில் கயறு என்றால் ஏறு. அவருக்கு எங்கள் பேச்சு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னார். சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்தவர். அவரும் சிரித்தார்.

நான் முன்னால் போனேன். "கயறு தந்திட்டு கயறச் சொல்லுங்க சாறே."

"நீ ஆராடி?"

"அந்தக் கயறு பிரிச்சவளாக்கும்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனிடம், ஏறாவிட்டால் மரம் வெட்டி ரோட்டை மறித்த கேஸில் உன் பெயரையும் உன் தங்கை புருஷன் பெயரையும் சேர்ப்பேன் என்றார். அண்ணன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நீ தள்ளி நில்லு மக்கா" என்றார் என்னிடம். "ரோட்டுப் பக்கம் ஆரையும் விடாத."

கயிறு இருந்திருந்தால் அண்ணன் அந்த மரத்தில் தன் பாரத்தைப் போட்டிருக்கவே மாட்டார். வேலிக்கு உள்ளே, பள்ளிக்கூட முற்றத்தில், அயினியைவிட உயரமாக ஒரு நாட்டு மாமரம் பச்சையாக நின்றது. அதன் உச்சிக் கவட்டையில் ஆள்வடத்தைப் போட்டு, அதில் தொங்கிக்கொண்டு, பட்ட மரத்துக்கு ஆடிப்போய் வேலை செய்திருப்பார். உயிர் பச்சை மரத்தில் இருக்க வேண்டும், கத்தி பட்ட மரத்தில். பச்சைக் கொம்பு முறிவதற்கு முன்னால் வளையும், முனகும், காலை நகர்த்த நேரம் தரும். பட்ட கொம்பிடம் அதெல்லாம் கிடையாது. மூன்று வடத்துக்கு ஈடான பலத்தோடு நிற்கிற மாதிரி இருக்கும், அடுத்த நொடி இருக்காது.

பள்ளிக்கூட ஏணி போய்ச் சேருகிற மட்டும் ஏணியில் போனார். அதற்கு மேல் கையும் காலும்தான். ரோட்டுப் பக்கக் கொம்பின் கவட்டையில் நின்று, முனையிலிருந்து சிறிய துண்டுகளாகக் கொத்தித் தள்ளினார். நான்கு துண்டு விழுந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொம்பை மொத்தமாக வெட்டச் சொல்லிக் கத்தினார். மொத்தமாக வெட்டக் கூடாது என்று அண்ணன் மேலிருந்து கையால் காட்டினார். இன்ஸ்பெக்டர் மறுபடி கத்தினார். அண்ணன் கத்தியை ஓங்கினார். கத்தி கொம்பில் பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் நின்ற கவட்டையே பிளந்து கொம்பும் அவரும் சேர்ந்து வந்தார்கள். கொம்பு ரோட்டில் விழுந்தது. அவர் வேலியோரத்துக் கல்லில் விழுந்தார்.

இடுப்பும் வலது காலும் போயிற்று. பள்ளிக்கூடத்துக் கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கினோம். போலீஸ்காரர்கள் கொம்பை ரோட்டிலிருந்து இழுத்தார்கள். மேலதிகாரியின் கார் போக வழி வேண்டுமே.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தமிழ்க்காரர்களின் தலைவர் வந்தார். வக்கீல். நல்ல பேச்சாளர். நான் அவர் கூட்டத்துக்குப் போய் மண்ணில் உட்கார்ந்து கேட்டவள்தான். எங்கள் பேச்சிலேயே எங்களுக்கு ஆபீஸும் கோர்ட்டும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, அன்றும் இன்றும். அவர் கட்டிலருகே உட்கார்ந்து, எழுதிக் கொண்டுவந்திருந்த காகிதத்தை வாசித்தார். தடியடியில் கால் முறிந்ததாக இருந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "என்னைய ஆரும் அடிக்கேல" என்றார். "கயறு தராம மரத்தில கேத்திவிட்டாவ. அத எழுதுங்க."

"அது ஜனங்களுக்கு மனசிலாவாது. அடின்னா எல்லாருக்கும் மனசிலாவும்."

"எனக்கு அதில்ல நடந்தது."

வக்கீல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நீயாவது சொல்லு பிள்ளே. இது எல்லாருக்குமான போராட்டமாக்கும். கயறு அது இதுன்னு சின்ன காரியத்தப் பிடிச்சிட்டு நிக்கப்பிடாது."

"அந்த சின்ன காரியத்தில தான் மனுஷன் தொங்குவான்" என்றேன். "பொய் எழுதினா நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டர் ஆரையும் அடிக்கேலன்னு நிரூபிச்சிட்டு சிரிச்சிட்டுப் போவான். செஞ்சத எழுதினா அவனுக்குப் பதில் கெடையாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனார். அண்ணன் கையெழுத்து இல்லாமலே நோட்டீஸ் அச்சாகிவிட்டது. நான் சொன்னது போலவே நடந்தது. உடம்பில் தடியடித் தழும்பு இல்லை என்று டாக்டர் எழுதினார், உண்மையைத்தான் எழுதினார். அதைக் காட்டியே போலீஸ் தன் பொய்யை உறுதியாக்கிக்கொண்டது. ரோட்டை மறிக்க முயன்றதாக, நடக்க முடியாமல் கிடந்த மனிதர்மேல் கேஸ்.

வடங்களைக் கேட்க என் வீட்டுக்காரரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். கேஸ் முடியாமல் தர முடியாது, தொண்டிமுதல், கோர்ட்டில் காட்ட வேண்டிய பொருள் என்றார்கள். திரும்பும்போது ஸ்டேஷன் கிணற்றைப் பார்த்தேன். கப்பியில் ஓடிய கயிறு என் ஆள்வடம். என் பிரி எனக்குத் தெரியும். இடது கைப் பிரி, எங்கள் வீட்டில் மட்டும் அப்படிப் பிரிப்போம். நீளத்தில் கால்வாசிக்கு வெட்டி வாளி கட்டியிருந்தார்கள். மீதி எங்கே என்று தேடினேன். ஒரு துண்டில் துணி காய்ந்தது. நான் கிணற்றை நோக்கிப் போனேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க அவரைத் திட்டினேன். பாறசாலைக்கு வந்ததும், "வாளி எறைக்க நல்ல கயறு தான்" என்றார். அதற்கும் திட்டினேன்.

கவட்டை பிளந்தபிறகு அயினி மரம் முன்னைவிட மோசமாக நின்றது. பள்ளிக்கூடத்துப் பக்கக் கொம்பு மட்டும் மிச்சம். காற்றடித்தால் அடிமரமே அசைந்தது. பிள்ளைகளைச் சபைக் கோயிலுக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து, அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் இறக்கித் தர முடியுமா, பொறுப்பு என்னுடையது என்றார். மூன்று வருடத்தில் பொறுப்பு என்ற சொல்லை வாயால் சொன்ன ஒரே ஆள் அவர்.

நான் கோட்டுகாலிலிருந்து சகிரி கொண்டுவரச் சொன்னேன். புதிதாக இரண்டு வடம் பிரித்தேன். கோபத்தோடு பிரித்தால் முறுக்கு கூடிப்போகும், கூடிய முறுக்கு கயிற்றைக் கெடுக்கும். முதலில் பிரித்ததை முழுவதும் அவிழ்த்துவிட்டு மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்து முடித்ததும் மாமரத்தில் போட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம்.

ஆனால் கீழே பாரவடம் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. போலீஸுக்குப் பயந்து பாதிப்பேர் வரவில்லை. மற்ற பாதியை வக்கீலின் ஆட்கள் தடுத்தார்கள். மரம் அப்படியே நிற்க வேண்டுமாம், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பிள்ளைகள் தலையில் விழுந்தால் இன்னொரு நோட்டீஸ் அடிப்பீர்களா என்று அந்த ஆட்களிடம் கேட்டேன். அவர்கள் போய்விட்டார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர், "எட்டி, நீயே பிடி" என்றார்.

பிடிக்க முடியும். பலம் வேண்டாம், சுற்று வேண்டும். கயிற்றை முற்றத்துத் தென்னையின் அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினால் ஆளைவிடப் பல மடங்கு கனமான கொம்பையும் ஒரு பெண் ஒற்றையாக நிறுத்தலாம். சுற்றைக் கொஞ்சம் நெகிழ்த்தினால் இறங்கும், இறுக்கினால் நிற்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, காலுக்கடியில் வளையம் கிடக்கக் கூடாது.

ஒரு காலையில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் மாமரத்தில் ஏறி, கவட்டையில் ஆள்வடத்தைப் போட்டு, தொடையிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டார். பாரம் விழுந்தால் பிடித்து, நெகிழ்த்தினால் நழுவுகிற முடிச்சு. அது அப்பாவின் கப்பல் முடிச்சு. அதை ஒரு கையால் நகர்த்திக்கொண்டே பட்ட கொம்புக்கு ஆடிப்போனார். கால் பட்ட மரத்தில் பட்டும் படாமலும். பாரவடத்தை மாமரத்தின் வேறொரு கவட்டை வழியாகப் போட்டுக் கொம்பின் முனையில் கட்டினார். அறுத்தார். ஆள் உயரத் துண்டு ஒன்று கழன்று தொங்கியது. நான் இறக்கினேன். கையைவிடப் பெரிய துண்டை ஒருமுறைகூட அவர் கட்டாமல் விடவில்லை.

பத்துமணிக்கு மேல் அடிக்கொம்பு மட்டும் மிச்சம் இருந்தது, அதுதான் கனம். அது கழன்று ஓட்டுக் கூரையைத் தாண்டி முற்றத்துக்கு மேலே தொங்கியபோது இன்ஸ்பெக்டர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். யார் அனுமதி கொடுத்தது என்று மலையாளத்தில் கத்திக்கொண்டே நேராக என்னை நோக்கி நடந்தார். கொம்புக்கு நேர் கீழே வந்து நின்றார். கயிற்றை விடு என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். விட வேண்டும் என்று தோன்றியது. அவரே சொல்கிறாரே. மூன்று சுற்றில் ஒரு சுற்றைக் கழற்றினால் போதும்.

"சாறே, மேல பாருங்க" என்றேன். "விட்டா உங்க தலையில தான்."

அவர் மேலே பார்த்தார். பின்னால் எட்டு வைத்தபோது தொப்பி விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. கேட் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்தார். அங்கே நின்று அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நான் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, தொப்பிக்குப் பக்கத்தில் கொம்பை இறக்கி வைத்தேன். ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

அவரைக் காப்பாற்ற நினைத்து நான் பிடித்துக்கொண்டிருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கனமான கொம்பைச் சட்டென்று விட்டால் மாமரம் உலுக்கும். அதே மாமரத்தில் என் வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். அதனால் பிடித்தேன்.

அடிமரம் வரை முழு மரமும் இறங்கியதற்கு எங்கள்மேல் கேஸ் போடவில்லை. உபதேசியார் தன் பெயரில் எழுதிக்கொடுத்த கடிதம் காரணமாக இருக்கலாம். அண்ணன்மேல் இருந்த கேஸ் சாட்சி இல்லாமல் தள்ளுபடியாயிற்று. பிறகு எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். வக்கீல் அந்தப் பக்கம் போய் வீடு கட்டினார். இன்ஸ்பெக்டருக்கு உத்தியோக உயர்வு கிடைத்து வடக்கே மாற்றலானார். மரத்தால் ஊனப்பட்ட அண்ணன் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். கம்பு ஊன்றி நடந்தார், என்னோடு உட்கார்ந்து கயிறு பிரித்தார், மரம் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் மேலே இருக்கும்போது கீழே நின்று பார்க்கவும் வரமாட்டார்.

பல வருடம் கழித்து, போராட்டத்தில் அடிபட்டவர்களின் பட்டியல் எடுக்க இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அண்ணன் பெயர் ஏற்கெனவே இருந்தது, தடியடி என்று போட்டு. ஒரு கையெழுத்துப் போட்டால் மரியாதை உண்டு, உதவியும் வரலாம் என்றார்கள். வீட்டுக் கூரை அந்த வருடம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அடி கொண்டவன் வேற உண்டு. அவனுக்க பேர எழுதுங்க" என்று அண்ணன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் போனபிறகு எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஊரில் பொய் சொன்னவன் எல்லாம் நன்றாக இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் உண்மையை வைத்துக்கொண்டு மழையில் நனைய வேண்டுமா என்று கேட்டேன். அவர் செய்தது சரி. சரி என்று தெரிந்தும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.